பழைய காரின் கடைசிப் பயணம்

கொழும்புக்கு வருகிறவர்கள் காலிமுகத் திடலைப் பார்ப்பார்கள். புறக்கோட்டையில் துணிமணி எடுப்பார்கள். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, அஸருக்குப் பின் ரயில் பாதையோரமாகக் கடல் காற்று வாங்கிவிட்டு ஊர் திரும்புவார்கள். பஞ்சிகாவத்தையைப் பார்க்கப் போனோம் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இலங்கையிலே ஒரு கார், ஒரு வேன், ஒரு முச்சக்கர வண்டி வைத்திருக்கும் குடும்பம் எதுவாயினும், அதன் வீட்டுச் செலவில் ஒரு பங்கு என்றாவது ஒரு நாள் பஞ்சிகாவத்தையில் போய்ச் சேர்ந்தே இருக்கும். "பாகம் கிடைக்கல்ல, பஞ்சிகாவத்தைக்குப் போகணும்" என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பதைக் கேட்காத இல்லத்தரசி யார்?

இடம் மருதானைக்குப் பக்கம். ஸாஹிராக் கல்லூரியும், மாளிகாவத்தையின் நெருக்கமான குடியிருப்புகளும், பள்ளிவாசல்களும் சூழ்ந்த பகுதி. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே வந்து நகருக்குள் நுழைந்தால், கடைகளின் முகம் மெல்ல மாறுவதைக் காணலாம். முதலில் நகைக்கடை, புடவைக்கடை, பிறகு மின்சாதனம், பிறகு திடீரென்று வீதியின் இருபுறமும் கார்க் கதவுகள்! புடவைக்கடையில் சேலைகளை நிறம் பார்த்து அடுக்கி வைப்பது போல, இங்கே கதவுகளை மாதிரி பார்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து பம்பர்கள் தொங்குகின்றன. வாசலில் என்ஜின்கள், குந்தியிருக்கும் யானைக் குட்டிகளைப் போல. உள்ளே மேல்தட்டு வரை முன்விளக்குகள். ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சென்னை வாசகியருக்குப் புதுப்பேட்டை என்றால் புரிந்துவிடும். அதன் கொழும்புத் தங்கைதான் பஞ்சிகாவத்தை.

ஊரிலே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. இரவில் காரின் பக்கக் கண்ணாடி களவு போனால், காலையில் பஞ்சிகாவத்தைக்குப் போய் அதே கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கி வரலாம் என்பார்கள். கடைக்காரர்களுக்கு இந்தப் பேச்சுப் பிடிப்பதில்லை. நியாயமாக உழைக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருக்க, ஒருசிலரின் களவுக்கு எல்லாரும் பெயர் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறார்கள். நியாயமான வருத்தம்தான்.

அங்கே ஒரு கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வாய்த்தது. வயதான நானா ஒருவர். தலையில் தொப்பி, கையில் ஒயில் கறை. பழைய கார் ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"குர்பான் மாடு மாதிரித்தான், தங்கச்சி" என்றார் சிரித்துக்கொண்டே. "ஒண்டும் வீணாகாது. தோலுக்கு ஒராள், கொம்புக்கு ஒராள், குடலுக்கு ஒராள். ரெண்டு நாளையில உரிச்சுப் போடுவம்."

உண்மைதான். முதலில் பற்றரி கழற்றப்படுகிறது. சக்கரங்கள், ரயர்கள், ரேடியேட்டர், கண்ணாடிகள், கதவுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. என்ஜினும் கியர் பெட்டியும் சங்கிலியில் தூக்கி எடுக்கப்படுகின்றன. ரேடியேட்டருக்குள் இருக்கும் செம்புக்கும் அலுமினியத்துக்கும் தனி விலை. வயர்களுக்குள் இருக்கும் செம்புக்குத் தனி விலை. புகையைச் சுத்திகரிப்பதற்காகச் சைலன்சருக்கு முன்னால் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் துளியளவு படிந்திருப்பதால், நகைக்கு நிறுப்பது போல அதற்கும் விலை பேசுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் வெறும் தகரக் கூடு நிறைக்கு விற்கப்பட்டு, உருக்காலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாக மறுபிறவி எடுக்கிறது.

இந்தச் சிக்கனம் இலங்கைக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் 1971உடன் உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனர் கார், இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்றது. இங்கிலாந்திலே அந்தக் காரை ஆசையாய் வைத்திருப்பவர்களுக்கு வேண்டிய தகரப் பாகங்களை இலங்கையில் அடித்துக் கப்பலில் அனுப்பிய காலம் கூட இருந்தது. லண்டன் தெருக்களில் ஓடிக் களைத்த சிவப்பு இரட்டைத் தட்டு பஸ்களும் கொழும்புக்கு வந்து இரண்டாவது ஆயுள் கண்டவைதான். நம் உம்மாமார் காலத்தில் காலி வீதியில் மேல்தட்டு முன் ஆசனத்துக்கு அடிபட்டவர்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

2020 மார்ச்சில் நாட்டிலே டொலர் தட்டுப்பாடு காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்தாண்டுகள்! புதிய வாகனம் வராத நாட்டில் பழைய வாகனம் பொன்னாகிறது. பத்து வயதுக் கார், அது வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டதை நாம் கண்ணால் கண்டோம். 2022இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றதையும் கண்டோம். அந்த ஆண்டுகளில் நாட்டின் சக்கரங்களை உருள வைத்தது பஞ்சிகாவத்தையும், அதைப் போலச் சிற்றூர்களில் இருக்கும் கராஜ்களும்தான். ஹைபிரிட் கார்களின் பெரிய பற்றரி செத்துப்போனால், முழுவதையும் தூக்கி எறியாமல், அதன் உள்ளே இருக்கும் செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றித் தரும் வித்தையை நம் இளைஞர்கள் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். பாராட்ட வேண்டிய கைத்திறன்.

ஆனால் நானா சொன்ன குர்பான் உவமை என் மனதில் வேறொரு கேள்வியைக் கிளறிவிட்டது. குர்பான் கொடுக்கும்போது தோல், கொம்பு, இறைச்சி எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகின்றன. இரத்தமும் கழிவும்? அறுத்தவர்கள் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அடுத்த வீட்டாருக்கு நாற்றம் போகக் கூடாது என்று ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் உலமாக்கள் நினைவூட்டுகிறார்கள். அப்படியானால் காரின் இரத்தம் எங்கே புதைக்கப்படுகிறது?

காருக்கும் இரத்தம் உண்டு, சகோதரிகளே. என்ஜின் ஒயில், பிரேக் ஒயில், ரேடியேட்டருக்குள் ஊற்றும் பச்சைத் தண்ணீர், குளிரூட்டியின் வாயு, பற்றரிக்குள் இருக்கும் கந்தக அமிலம். ஒரு காரில் ஒரு தடவை மாற்றும் என்ஜின் ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. கழிவு ஒயிலைச் சேர்த்து உலைகளில் எரிக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விலை கிடைப்பதால் பெரும்பகுதி அப்படிப் போகிறது. ஆனால் தரையில் சிந்தியதற்கு விலை இல்லையே! அது மழையோடு வடிகானுக்குள் இறங்குகிறது. கொழும்பின் வடிகான்கள் வாய்க்கால்களில் விழுகின்றன. வாய்க்கால்களில் ஒன்று வெள்ளவத்தையில், நாம் காற்று வாங்கப் போகும் அதே கரையில், கடலில் கலக்கிறது. வாய்க்காலின் முகத்துவாரத்தில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதப்பதைப் பிள்ளைகள் அழகென்று காட்டுவார்கள்.

பற்றரியின் கதை இன்னும் கவலைக்குரியது. சாதாரணக் கார் பற்றரியின் நிறையில் பாதிக்கு மேல் ஈயம். பழைய பற்றரியைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழிவு கிடைக்கும் என்பதால், நம் வீடுகளில் யாரும் அதை வீசுவதில்லை. நல்ல பழக்கம். ஆனால் அது கைமாறிக் கைமாறிப் போகும் இடம் அனுமதி பெற்ற ஆலையா, யாரோ ஒருவருடைய வீட்டுக் கொல்லையா என்பதில்தான் விடயமே இருக்கிறது. பற்றரி உட்பட ஆபத்தான கழிவுகளைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி வேண்டும் என்று 2008இல் விதி வந்தது. விதி இருக்கிறது, கொல்லைகளும் இருக்கின்றன.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோய் என்றொரு கடலோரக் குடியிருப்பு. நம்மைப் போல் ஐவேளை பாங்கொலி கேட்கும் ஊர். அங்கே பல ஆண்டுகளாகப் பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தார்கள். உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியபோது, பற்றரி உடைத்த இடத்து மண்ணுக்கே கிராக்கி வந்தது. மண்ணைச் சலித்து ஈயத் துணுக்குகளைப் பொறுக்கி விற்றார்கள். சலித்தவர்களில் பலர் பெண்கள். அரிசி புடைப்பது போலத் தூசி பறக்கச் சலித்தார்கள். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடின. மண் மூட்டைகளை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து வைத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்தக் குடியிருப்பில் 18 சிறுபிள்ளைகள் மௌத்தானார்கள். வலிப்பு வந்தது, காரணம் தெரியவில்லை, மலேரியாவோ வேறு காய்ச்சலோ என்று முதலில் எண்ணினார்கள். உலக சுகாதார நிறுவனம் வந்து பரிசோதித்தபோதுதான் ஈயம் என்று தெரிந்தது. உயிரோடிருந்த பிள்ளைகளின் இரத்தத்திலும், தாய்மாரின் இரத்தத்திலும் ஈயம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. அந்தத் தாய்மார் செய்த குற்றம் என்ன? அன்றாடச் செலவுக்கு நாலு காசு தேடியது.

இவ்வளவு ஈயம் என்றால் ஆபத்து, இவ்வளவு என்றால் பரவாயில்லை என்று பிள்ளைகளுக்கு ஓர் எல்லை கிடையாது என்பதே மருத்துவர்களின் முடிவு. குறைந்த அளவுகூடப் படிப்பையும் புத்தியையும் மந்தப்படுத்தும். கணவரோ மகனோ பற்றரி வேலை, கராஜ் வேலை செய்பவராயின், வேலை உடுப்பை வீட்டுக்கு வெளியே களைந்து, தனியாகத் துவைப்பது நல்லது. பிள்ளையைத் தூக்கும் முன் குளித்துவிடட்டும். இது ஒன்றும் பெரிய விஞ்ஞானமல்ல. கையில் தவழும் பிள்ளைக்குச் செய்யும் சிறு காவல்.

நமது வீதிகளில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானில் பிறந்தவை; அவற்றில் பல அங்கே ஓடி முடித்தபின் இங்கே வந்தவை. ஜப்பானில் ஒரு சட்டம் உண்டு. 2002இல் நிறைவேறி, 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புதுக் கார் வாங்கும்போதே, அந்தக் கார் செத்தபின் அதைச் சுத்தமாக அடக்கம் செய்வதற்கான பணத்தை வாங்குகிறவர் கட்டிவிட வேண்டும். கிட்டத்தட்ட கஃபன் துணிக்கு முன்கூட்டியே காசு எடுத்து வைப்பது மாதிரி! காரின் அளவைப் பொறுத்து ஏறக்குறைய 6,000 யென் முதல் 18,000 யென் வரை. குளிரூட்டி வாயு, எயார்பேக், காரை அரைத்தபின் மிஞ்சும் தூள் ஆகிய மூன்றையும் ஒழுங்காக அழிக்க அந்தப் பணம்.

அந்தச் சட்டம் பிறந்ததற்கும் ஒரு துயரக் கதை காரணம். ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் தெஷிமா என்றொரு சிறு தீவு. 1970களின் கடைசியில் ஒரு நிறுவனம், மண்புழு வளர்க்கப் போகிறோம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, தீவின் ஒரு மூலையில் பழைய கார்களை அரைத்த தூளையும் வேறு நச்சுக் கழிவுகளையும் கொண்டுவந்து கொட்டி எரித்தது. தீவு மக்கள், பெரும்பாலும் வயதானவர்கள், முறையிட்டுப் பார்த்தார்கள். அதிகாரிகள் அசையவில்லை. 1990இல் பொலிஸார் நுழைந்த பிறகே கொட்டுவது நின்றது. அதன் பின்னும் கொட்டியதை அகற்றச் சொல்லிப் பத்தாண்டுகள் போராடினார்கள். 2000இல் மாகாண ஆளுநர் தீவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். பக்கத்துத் தீவில் உலை அமைத்து 2003 முதல் எரித்தார்கள். சுமார் 9 இலட்சம் தொன் கழிவும் கெட்ட மண்ணும் அள்ளி முடிக்க 2017 ஆயிற்று. போராட்டத்தைத் தொடங்கியவர்களில் பலர் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

இனிக் கவனியுங்கள். ஜப்பானில் கட்டிய அந்த அடக்கச் செலவு, கார் ஜப்பானிலேயே உடைக்கப்பட்டால்தான் செலவாகும். பழைய காராக வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டால், ஏற்றுமதி செய்பவர் விண்ணப்பித்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்! அதாவது, கார் கப்பலேறுகிறது. கஃபன் காசு துறைமுகத்திலேயே நின்றுவிடுகிறது. மையித்து மட்டும் நம் வாசலுக்கு வருகிறது. அடக்கம் செய்யும் பொறுப்பு பஞ்சிகாவத்தையிலே ஒயில் கறைபட்ட கைகளுக்கும், அவர்கள் விட்டதைச் சுமக்கும் மண்ணுக்கும்தான்.

அந்த மண் எது என்று பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மருதானையிலிருந்து மட்டக்குளிப் பக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் கொட்டாஞ்சேனை. பழமையான ஊர். கருங்கல்லில் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், வெண்மாடக் கூரையோடு நிற்கும் சாந்த லூசியா பேராலயம், பள்ளிவாசல்கள், நகைக்கடைகள், தமிழும் சிங்களமும் கலந்த பேச்சு. அருகே புளூமெண்டல் வீதி. ஒல்லாந்தர் வைத்த பெயர். அவர்கள் மொழியில் பூப்பள்ளத்தாக்கு என்று பொருளாம். அந்தப் பூப்பள்ளத்தாக்கிலேதான் கொழும்பு மாநகரின் குப்பை ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டு, பள்ளம் மேடாகி, மேடு மலையானது. கறிவேப்பிலைக் காம்பும், குழந்தையின் நாப்பியும், விலைபோகாத கார் ஆசனத்தின் பஞ்சும் ரெக்சினும், உடைந்த முன்கண்ணாடியும் நகரக் குப்பையோடு குப்பையாக ஒரே மலையில் சேர்ந்தன. பஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பஞ்சிகாவத்தையில் வாங்குவோர் இல்லை அல்லவா?

மலையின் அடிவாரத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. கொசு, புகை, நாற்றம். "எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கலியாணம் பேச வாறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வருவாங்க" என்று அந்தப் பக்கத்துச் சகோதரி ஒருவர் சொன்னதில் கோபத்தைவிடக் களைப்பே அதிகம் இருந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டால் 2009இல் புளூமெண்டலில் கொட்டுவது நிறுத்தப்பட்டது. நிறுத்தினால் குப்பை மறைந்துவிடுமா? கொலன்னாவைப் பக்கம் மீத்தொட்டமுல்லைக்குப் போயிற்று. அங்கே அது இன்னொரு மலையாகி, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாள் பிற்பகலில் சரிந்து, வீடுகளை மூடிற்று. 32 உயிர்கள் போயின. புத்தாண்டுப் பலகாரம் வைத்த மேசையோடு மண்ணுக்குள் போன வீடுகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்த அன்று எத்தனை தாய்மார் சாப்பிடாமல் இருந்தோம்!

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நீர்நிலையையும், மக்கள் நடக்கும் வழியையும், இளைப்பாறும் நிழலையும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரியதாக எச்சரித்தும் இருக்கிறார்கள். நம் வாசலில் கிடந்த இடையூறை அள்ளி அடுத்தவர் வாசலில் போடுவதற்கு அகற்றுதல் என்று பெயரா என்பதுதான் கொழும்பு நகரம் விடை காண வேண்டிய கேள்வியாக இருந்தது. நகரம் கண்ட விடை, புத்தளம்.

புத்தளம் மாவட்டத்தில் வண்ணாத்திவில்லுப் பக்கம், வில்பத்துக் காட்டின் தெற்கே, களப்பை ஒட்டி அருவாக்காடு இருக்கிறது. சிங்களத்தில் அருவக்காலு. அங்கே சீமெந்து ஆலைக்காகப் பல பத்தாண்டுகளாகச் சுண்ணக்கல் தோண்டினார்கள். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம் அது. பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடல் உயிர்களின் எச்சங்கள் புதைந்திருப்பதால், ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். கல்லை ஏற்றிச் செல்ல ரயில் பாதையும் உண்டு. கல் எடுத்து முடிந்த இடங்கள் பெரும் பள்ளங்களாகக் கிடந்தன. சில பகுதிகளில் சீமெந்து நிறுவனமும் ஐ.யூ.சி.என். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து மண் நிரப்பி, அந்தக் காட்டுக்கே உரிய மரங்களை நட்டு வளர்த்துப் பார்த்தன. கைவிட்ட சுரங்கத்தைச் சீர்செய்வது என்றால் அதுதான். மரம் வர வேண்டும். மரத்துக்குக் குருவி வர வேண்டும்.

ஆனால் வேறு பள்ளங்களுக்கு வந்தது கொழும்பின் குப்பைத் திட்டம். களனியில் குப்பையைச் சேர்த்து, அழுத்திப் பெட்டியில் அடைத்து, சுமார் 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுபோய் அருவாக்காட்டில் புதைப்பது என்பது ஏற்பாடு. நாளொன்றுக்கு 1,200 தொன் வரை. சீன நிறுவனம் ஒன்று கட்டுமானத்தை எடுத்துக்கொண்டது. அடியில் நீர் புகாத விரிப்பு இடப்படும், வடியும் சாறு சுத்திகரிக்கப்படும், இது மீத்தொட்டமுல்லை மாதிரிக் குவிப்பதன்று என்று விளக்கம் தந்தார்கள். விளக்கத்தில் உண்மையும் உண்டு. விஞ்ஞான முறைப்படி புதைப்பது வெறுமனே கொட்டுவதைவிட நூறு மடங்கு மேல். புத்தளத்து மக்கள் கேட்டது வேறு. ஏன் நாங்கள்?

அவர்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. சீமெந்து ஆலையின் தூசி அவர்களுக்கு. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் அவர்களுக்கு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர், கையில் பையோடு வந்து இறங்கியதும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும்தான். உள்ள கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் அந்த ஊர் மக்கள் அவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு இப்போது தலைநகரின் குப்பையுமா?

2018 செப்டம்பர் கடைசியில் புத்தளம் நகரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூறு நாட்களுக்கு மேல் நடந்தது. உட்கார்ந்த திடலின் பெயர் என்ன தெரியுமா? கொழும்பு முகத்திடல்! கறுப்பு உடையணிந்து, கைக்குழந்தைகளோடு தாய்மார் வந்து அமர்ந்தார்கள். முஸ்லிம்களோடு சிங்களவரும் தமிழரும், பள்ளிவாசலோடு பன்சலையும் கோவிலும் தேவாலயமும் சேர்ந்து குரல் கொடுத்தன. கலியாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் தவிர வெளியே வராத பெண்கள் பலர் வீதிக்கு வந்தார்கள். 2019 ஓகஸ்டில் குப்பை வரத் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே குப்பையிலிருந்து கிளம்பிய வாயுவால் அங்கே ஒரு வெடிப்பு நடந்தது.

இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுமதிப் பத்திரம் எடுக்கும்போதே முன்பணம் கட்ட வேண்டும். கல் எடுத்து முடிந்து குழியை மூடினால் பணம் திரும்பும். மூடாமல் போனால் அந்தப் பணத்தில் அதிகார சபை மூடும். பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அனுமதியின்றித் தோண்டி விட்டுப்போன குழிகளில் மழைநீர் நின்று கொசு பெருகுவதும், குளிக்க இறங்கும் பிள்ளைகள் மூழ்குவதும் அந்தப் பக்கத்துப் பெற்றோருக்குத் தெரியும். கல்லுக்கு இருக்கும் இந்த முன்பண முறையைக் காருக்கும் வைத்தால் என்ன? இறக்குமதி வரியாக ஒரு காருக்கு இலட்சக்கணக்கில் கட்டுகிறோம். அதில் ஒரு சிறு துண்டை ஒதுக்கி வைத்தால், பஞ்சிகாவத்தையில் ஒயில் பிடிக்க ஒரு பொதுத் தொட்டியும், விலைபோகாத பஞ்சையும் பிளாஸ்டிக்கையும் தனியே ஏற்ற ஒரு லொறியும், பற்றரி உடைப்பவர்களுக்கு ஒழுங்கான கொட்டகையும் கிடைக்காதா? அவர்களை விரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நாட்டின் பாதி வாகனங்கள் நின்றுவிடும்.

செத்த வாகனங்களைக் கடலுக்குள் இறக்கியும் பார்த்தார்கள். 2021இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கழித்த பஸ்களை, மீன் இனம் பெருகும் என்று சொல்லி, வடக்கே நெடுந்தீவுக் கடலில் மூழ்க வைத்தார்கள். வலை கிழியும் என்று தமிழ்நாட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். மீன் அதில் குடியேறலாம். என்றாலும், கடலையும் இன்னொரு பள்ளமாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுமோ என்று யோசனையாக இருக்கிறது.

புத்தளத்துக்கு ஒரு தடவை உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, களப்பு ஓரமாக நடந்தோம். காற்றில் உப்பு வாசம். உப்பளங்கள் வெயிலில் பளபளத்தன. படகிலிருந்து இறால் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஐஸ் பெட்டியில் அடைத்து அன்று இரவே கொழும்புக்குப் போகும் என்றார்கள். சத்தியாக்கிரகத்தில் தொடர்ந்து உட்கார்ந்த ராத்தா ஒருவர் எங்களோடு வந்தார். புதுப்புது மாடிகள் எழும்பும் வெள்ளவத்தையில் அவருடைய மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. பத்தாவது மாடியில் வீடு.

"மகள்ட வீட்டுச் சுவர் எங்கட கல்லு" என்றார் ராத்தா. "புத்தளத்துச் சீமெந்து. அந்தப் பள்ளத்திலயிருந்து போனதுதான். நான் கற்பிட்டிக் கருவாடு பார்சல் பண்ணி மாசாமாசம் அனுப்புறன். போன்ல சொல்லுவன், புள்ள, சமையல் கழிவ வேற, பிளாஸ்டிக்க வேற, பழைய பற்றரிய வேற வைங்க எண்டு. சிரிக்கிறா. அங்க கீழ இருக்கிற தொட்டியில எல்லாத்தயும் ஒண்டாத்தான் போடுவாங்களாம்."

பிறகு அவர் இறால் கூடைக்காரரிடம் விலை பேசப் போய்விட்டார்.